எழுதும் சகோதரிக்கு எந்தச் சஞ்சிகை?

கவிதையோ கதையோ எழுதி, அந்தக் கொப்பியை அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு அடியில் வைத்திருக்கும் சகோதரிகள் நம்மிடையே எத்தனை பேர்! சமையலை முடித்து, பிள்ளைகளை மத்ரஸாவுக்கோ ரியூஷனுக்கோ அனுப்பிவிட்டு, கிடைக்கும் அரை மணி நேரத்தில் எழுதுகிறவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். எழுதியது நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று சொல்ல ஆளில்லை. எங்கே அனுப்புவது என்றும் தெரியவில்லை. "ஒரு சஞ்சிகைக்குச் சந்தா கட்டிப் பாருங்களேன்" என்று யாரோ சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எந்தச் சஞ்சிகைக்கு?

வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த காசு ஒரேயொரு சந்தாவுக்குத்தான் போதும் என்றால், இது யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். பெயர் பெற்ற சஞ்சிகை என்பதற்காகவோ, அட்டை அழகாக இருக்கிறது என்பதற்காகவோ காசைக் கட்டிவிட்டால், வருட முடிவில் பன்னிரண்டு இதழ்கள் மேசையில் கிடக்கும். உங்கள் கொப்பியோ அலுமாரிக்குள்ளேயே கிடக்கும். ஆகவே, உங்கள் எழுத்துக்கு இன்றைக்கு என்ன தேவை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பிறகு அந்தத் தேவைக்குப் பொருந்துகிற சஞ்சிகையைத் தேடுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து பார்ப்போம்

கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் ஒருவருக்குப் புத்தகக் கடை உண்டு, நூலகம் உண்டு, இலக்கியக் கூட்டம் உண்டு. ஒரு சஞ்சிகை பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறொன்றைக் கடையில் வாங்கிப் பார்க்கலாம். தூரத்துக் கிராமத்தில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் நெடுங்கேணியை உதாரணமாக வைத்துப் பேசுவோம்.

வவுனியா நகரிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே போய், புளியங்குளத்தில் கிழக்குப் பக்கம் திரும்பினால் நெடுங்கேணி. நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். வவுனியா வடக்குப் பிரதேசத்தின் தலைமையிடம் அதுதான். சுற்றிலும் குளமும் வயலும் காடும். அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாகப் போகும் பாதைதான் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி என்று முல்லைத்தீவு முஸ்லிம்கள் வாழ்ந்த ஊர்களுக்கும் செல்கிறது.

இந்தப் பாதையில் எழுதப்பட்டவை எத்தனையோ. காணாமற் போனவையும் எத்தனையோ. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல். உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் வந்தவர்கள் புத்தகக் கட்டுகளையா தூக்கி வந்திருப்பார்கள்? நெடுங்கேணித் தமிழ்ச் சகோதரிகளின் நிலைமையும் அப்படித்தான். 1997 மே மாதம் தொடங்கிய 'ஜெயசிக்குறு' படை நடவடிக்கையில் ஊர் படையினர் வசமானது. 1999 நவம்பரில் திரும்பவும் கைமாறியது. 2009இல் யுத்தம் முடியும்வரை இடப்பெயர்வு ஓயவில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் கையெழுத்துப் பிரதிகளும் பழைய இதழ்களும் வீட்டோடு போயின.

ஆனாலும் இந்த மண்ணிலிருந்து எழுத்து வந்திருக்கிறது. நெடுங்கேணியிலிருந்து அதிக தூரமில்லாத தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி' நாவல் 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்து பெயர் பெற்றது. பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வி 1973 முதல் வானொலிக்கும் பத்திரிகைகளுக்கும் சஞ்சிகைகளுக்கும் எழுதத் தொடங்கினார். 1977இல் 'சுமைகள்' என்ற அவருடைய நாவல் நூலானது. வன்னிக் கமக்காரர் வீட்டுக் கதையை வன்னியில் இருந்துகொண்டே எழுதி, நாடு முழுவதும் வாசிக்க வைத்த பெண் அவர்.

அந்தக் காலத்தில் இது எப்படி முடிந்தது? 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவும் குறைந்தது. இங்குள்ள வாசகருக்கு வாசிக்க ஏதாவது வேண்டுமே! உள்ளூர்ப் பத்திரிகைகளும் பிரசுரங்களும் அந்த இடத்தை நிரப்பின. தூரத்து ஊர் எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதிக்கும் கிராக்கி வந்தது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. சஞ்சிகையின் பெருமையைவிட, அதில் உங்களைப் போன்றவருக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் எழுதுகிறவர் பார்க்க வேண்டிய முதல் விஷயம்.

வீட்டுக்கு வரும் ஆசிரியர்

நம் பெண்களுக்குச் சஞ்சிகை செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அந்தக் காலத்து முஸ்லிம் பெண் வெளியே போய் எழுத்தாளர்களைச் சந்திப்பதும் கூட்டங்களில் கலந்துகொள்வதும் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆனால் சஞ்சிகைகள் வீடு தேடி வந்தன. அவற்றை வாசித்தார், அவற்றுக்கே எழுதினார். 1938இல் 'காதலா? கடமையா?' என்ற அவருடைய நாவல் வெளிவந்தபோது, தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையரே அதைப் பாராட்டி எழுதிக் கொடுத்தார்.

நம் நாட்டிலும் இந்த உறவு பழையது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பைதான் 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலையும் தந்தார். இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் அது. பத்திரிகை நடத்தியவரும் நாவல் எழுதியவரும் ஒருவரே என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் தேவை எது?

ஒரு தாளை எடுங்கள். "எனக்கு இப்போது எது குறைகிறது?" என்று மேலே எழுதுங்கள். பெரும்பாலும் கீழே உள்ள நான்கில் ஒன்றாகத்தான் பதில் இருக்கும்.

1. எப்படி எழுதுவது என்று கற்க வேண்டும்

எழுத ஆசை இருக்கிறது. எழுதினால் தொடக்கமும் முடிவும் சரியாக வரவில்லை. இதுவா உங்கள் குறை? ஆங்கிலத்தில் எழுத்துப் பயிற்சிக்கென்றே சஞ்சிகைகள் தோன்றின. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 'தி ரைட்டர்' 1887இல் தொடங்கியது. 'ரைட்டர்ஸ் டைஜெஸ்ட்' 1920இல் வந்தது. கதைக்கு உரையாடல் எழுதுவது எப்படி, கட்டுரையைத் திருத்துவது எப்படி என்றெல்லாம் அவை சொல்லித் தரும். ஆங்கிலம் நன்றாக வாசிக்கக் கூடியவர் பழைய இதழ் ஒன்றைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் அவற்றில் கணிசமான பக்கங்கள் அந்த நாட்டுப் பதிப்பகங்களையும் முகவர்களையும் பற்றியவை. நெடுங்கேணியில் இருந்து தமிழில் எழுதுகிறவருக்கு அதனால் பயன் சொற்பம். வெளிநாட்டுச் சந்தாவும் தபாற் செலவும் வேறு!

நமக்கு ஏற்ற வழி, நல்ல கதைகளோடு விமர்சனமும் வெளியிடும் இலக்கியச் சஞ்சிகைதான். ஒரு கதையை வாசித்து, இரண்டு இதழ் கழித்து அதைப் பற்றி இன்னொருவர் எழுதியதையும் வாசித்தால், உங்கள் கதையில் எது நொண்டுகிறது என்பது உங்களுக்கே தெரியத் தொடங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த 'அலை' 1975 முதல் 1990 வரை 35 இதழ்கள்தான் வெளியிட்டது. ஆனால் அதன் விமர்சனங்களைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். ஆகவே எத்தனை இதழ் வருகிறது என்பதை மட்டும் பார்த்துத் தீர்மானித்துவிடாதீர்கள்.

2. எழுதியது அச்சில் வர வேண்டும்

கொப்பியில் பத்துக் கதைகள் தயாராக இருக்கின்றன. வெளியிட இடம் வேண்டும். அப்படியானால் புதியவருக்குக் கதவு திறக்கும் சஞ்சிகையைத் தேடுங்கள். இந்த விஷயத்தில் 'மல்லிகை'யை மறக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் சலூன் தொழிலாளியாக இருந்த டொமினிக் ஜீவா 1966 ஓகஸ்டில் அதைத் தொடங்கினார். இதழைக் கையில் எடுத்துக்கொண்டு வீதி வீதியாகப் போய் விற்றார். பின்னர் கொழும்புக்கு மாறி, 2012 வரை 400 இதழ்கள் கண்டது. தென்னிலங்கை முஸ்லிம்களின் வாழ்வை எழுதிய திக்குவல்லை கமாலுக்கும், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத மேமன்கவிக்கும் அது வீடாக இருந்தது. ஜீவா 2021 ஜனவரியில் காலமானார். அவர் விட்டுச் சென்ற இடத்தில் ஒரே சஞ்சிகை இல்லை, பல இருக்கின்றன.

மருத்துவர் தி. ஞானசேகரன் 2000 ஜூனில் தொடங்கிய 'ஞானம்' மாத இதழ் தன் 150ஆவது இதழை 2012 நவம்பரில் ஈழத்துப் போர் இலக்கியத்துக்கென்றே பெரிய தொகுப்பாக வெளியிட்டது. வடமராட்சி அல்வாயிலிருந்து க. பரணீதரன் 2007இல் தொடங்கிய 'ஜீவநதி' நூறு இதழ்களைத் தாண்டி வளர்ந்தது. அநுராதபுரத்திலிருந்து எல். வஸீம் அக்ரம் வெளியிட்ட 'படிகள்', அஷ்ரஃப் சிஹாப்தீன் கவிதைக்கென்றே நடத்திய 'யாத்ரா' ஆகியவையும் உண்டு. ரிம்ஸா முஹம்மத் ஆசிரியராக இருந்து 2010இல் தொடங்கிய 'பூங்காவனம்' காலாண்டிதழ், பெண் எழுத்தாளர்களை அட்டையில் போட்டுக் கௌரவித்தது. நம் சமூகப் பெண் ஒருவர் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்து நடத்திய இதழ் என்பதால் அதை வாசித்துப் பார்ப்பது நமக்குத் தெம்பு தரும்.

கவிதை மட்டும் எழுதுகிறவர் கதை இதழுக்குச் சந்தா கட்டி என்ன பயன்? சிறுகதை எழுதுகிறவர் கவிதை இதழுக்குக் கட்டி என்ன பயன்? இவ்வளவு எளிய விஷயத்தைக்கூட நாம் பல நேரம் பார்ப்பதில்லை.

3. எழுதுவதற்கு விஷயம் வேண்டும்

சிலர் கதை, கவிதை எழுதுவதில்லை. பிள்ளை வளர்ப்பு, சுகாதாரம், பெண்களின் உரிமை, கல்வி என்று கட்டுரை எழுதுகிறார்கள். இவர்களுக்குத் தகவல்தான் மூலதனம். இலக்கியச் சஞ்சிகை இவர்களுக்குப் போதாது. கொழும்புப் பெண்கள் கல்வி ஆய்வு நிலையம் வெளியிட்ட 'நிவேதினி', மட்டக்களப்பு சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் வெளியிட்ட 'பெண்' போன்றவற்றின் பழைய இதழ்களைப் பாருங்கள். பெண்களின் வேலை, கூலி, சட்டம், யுத்தம் தந்த விதவைக் கோலம் என்று ஒவ்வொரு விஷயத்தையும் எப்படி அணுகுவது என்பது புரியும். வாரப் பத்திரிகையின் மகளிர் பக்கத்தைக் கத்தரித்து, விஷய வாரியாக ஒரு கோப்பில் ஒட்டிவைப்பதும் நல்ல முதலீடு. அதற்குச் சந்தாகூடத் தேவையில்லை.

4. துணை வேண்டும்

சகோதரிகளே, இதை வாய்விட்டுச் சொல்ல நாம் கூச்சப்படுவோம். ஆனால் எழுதுகிற பெண்ணுக்கு மிகவும் குறைவது இதுதான். வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். என்றாலும் அவள் எழுதியதை வாசித்துவிட்டு "இந்த இடம் நன்றாக வந்திருக்கிறது" என்று சொல்ல ஒருவர் இல்லை. இப்படிப்பட்டவர், வாசகர் கடிதங்களுக்குத் தாராளமாக இடம் கொடுக்கும் சஞ்சிகையைத் தேர்வு செய்ய வேண்டும். கடிதப் பக்கத்தில் ஒரு பெயர் மாதாமாதம் வருகிறது. அடுத்த மாதம் உங்கள் பெயரும் வருகிறது. உங்கள் கருத்துக்கு அந்தச் சகோதரி பதில் எழுதுகிறார். நெடுங்கேணிக்கும் புத்தளத்துக்கும் இடையில் இப்படி ஒரு பேச்சு தொடங்கினால், 1990க்குப் பின் அறுந்துபோன எத்தனையோ உறவுகளில் ஒரு நூலாவது திரும்ப முடிச்சுப் போடப்படும் அல்லவா?

காசு கட்டுமுன் ஐந்து இதழ்

தேவை தெரிந்துவிட்டது. இரண்டு மூன்று சஞ்சிகைகளின் பெயரும் மனதில் வந்துவிட்டன. உடனே காசு கட்ட ஓடாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து பழைய இதழ்களாவது பாருங்கள்.

"நெடுங்கேணியில் பழைய இதழ்களுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். முன்பு இது பெரிய பிரச்சினைதான். இன்று 'நூலகம்' என்ற மின்னூலகம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான துயரத்தை அறிந்த நம் நாட்டவர்கள், 2005இல் தொடங்கி இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பிரதி எடுத்து இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். மகனின் கைத்தொலைபேசியிலேயே பழைய 'மல்லிகை'யையும் 'ஞானத்'தையும் 'ஜீவநதி'யையும் புரட்டலாம். வன்னியில் ஓடி ஓடி இழந்த இதழ்களில் சிலவற்றையும் அங்கே தேடிப் பார்க்கலாம். தொலைபேசி வசதி இல்லாதவர் பொது நூலகத்தில் விசாரிக்கலாம். பள்ளிக்கூடத் தமிழ் ஆசிரியையிடம் கேட்கலாம். சஞ்சிகைக்காரருக்கே எழுதி ஒரு பழைய இதழை விலைக்குக் கேட்பதிலும் தவறில்லை.

இதழ்கள் கிடைத்ததும் இவற்றைக் கவனியுங்கள்:

புதுப் பெயர்கள் எத்தனை? ஐந்து இதழிலும் திரும்பத் திரும்ப அதே எட்டுப் பேர்தான் எழுதியிருக்கிறார்கள் என்றால், அது நல்ல சஞ்சிகையாக இருக்கலாம். ஆனால் புதியவருக்கு அங்கே இடம் குறைவு.

பெண்களின் பெயர் எத்தனை? 'மகளிர் சிறப்பிதழில்' மட்டும் பெண்களை எழுத வைத்துவிட்டு மற்ற மாதங்களில் மறந்துவிடுகிறார்களா என்றும் பாருங்கள்.

நீளம் பொருந்துகிறதா? அவர்கள் நான்கு பக்கக் கதை போடுகிறவர்கள், உங்கள் கதையோ பதினைந்து பக்கம் என்றால், ஒருவர் மாற வேண்டும். மாறப் போவது பெரும்பாலும் ஆசிரியர் அல்ல!

பேச்சு மொழியை ஏற்கிறார்களா? இது மிக முக்கியம். வாப்பா, உம்மா, ராத்தா, நானா என்று உங்கள் கதையில் வரும். வன்னிச் சகோதரியின் கதையில் கமமும் கொட்டிலும் வரும். 1960களில் கதைகளில் பேச்சு வழக்கை எழுதலாமா என்பதே நம் நாட்டில் பெரிய சண்டையாக நடந்தது. "இழிசனர் வழக்கு" என்றுகூட ஏசினார்கள். எழுத்தாளர்கள் விட்டுக் கொடுக்கவில்லை. அதனால்தான் இன்று ஒவ்வோர் ஊரின் பேச்சும் அச்சில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பேச்சைத் திருத்தி, எல்லோருக்கும் பொதுவான புத்தகத் தமிழாக மாற்றிவிடும் சஞ்சிகை உங்களுக்கு வேண்டாம்.

ஒழுங்காக வருகிறதா? அட்டையில் உள்ள மாதங்களை வரிசையாகப் பாருங்கள். இடையில் விடுபட்டிருக்கிறதா? விடுபட்டால் உடனே குறை சொல்லிவிடாதீர்கள். 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் செய்தித்தாள்கள் பள்ளிக் கொப்பித் தாளில்கூட அச்சாகின. 2022 நெருக்கடியில் கடதாசித் தட்டுப்பாட்டால் கொழும்பின் பெரிய பத்திரிகை நிறுவனமொன்றே சனிக்கிழமைப் பதிப்புகளை நிறுத்த நேர்ந்தது. சின்னச் சஞ்சிகைகள் என்ன செய்யும்? ஆனாலும் காசு கட்டுகிறவர் நிலைமையைத் தெரிந்து கட்டுவது நல்லது.

நூல் போடுகிறார்களா? சஞ்சிகைக்குப் பின்னால் ஒரு பதிப்பகம் இருந்தால் நாளைக்கு உதவும். எம். பௌசர் 1996இல் தொடங்கிய 'மூன்றாவது மனிதன்' சஞ்சிகையின் வெளியீடாகத்தான், சாய்ந்தமருதுக் கவிஞர் அனாரின் முதல் தொகுதி 'ஓவியம் வரையாத தூரிகை' 2004இல் வந்தது. மல்லிகைக்கு 'மல்லிகைப் பந்தல்' இருந்தது. ஒரு சஞ்சிகையில் ஐந்தாறு வருடம் எழுதியவருக்கு, நூல் போடும் நேரத்தில் அறிமுகக் கடிதம் தேவைப்படாது.

காசு அனுப்பும்போது

ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஆயுட் சந்தா மலிவுபோலத் தோன்றும். ஆனால் இதழின் ஆயுள் யாருக்குத் தெரியும்? 'மறுமலர்ச்சி' 1946இல் தொடங்கி 1948இல் நின்றது. 'கலைச்செல்வி' 1958 முதல் 1966 வரை வந்தது. இரண்டும் சிறந்த சஞ்சிகைகள்தான். உங்கள் தேவையும் அடுத்த வருடம் மாறலாம்.

காசுக்கட்டளை எடுப்பதானால் பெறுபவரின் பெயரையும், மாற்ற வேண்டிய தபாலகத்தின் பெயரையும் சஞ்சிகையில் போட்டிருக்கிறபடியே எழுதுங்கள். எழுத்து மாறினால் அங்கே காசு மாற்றச் சிரமம். வங்கிக் கணக்கில் போட்டால் பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பி, எந்த மாதத்திலிருந்து இதழ் வேண்டும் என்றும் குறிப்பிடுங்கள். சந்தாவை உங்கள் பெயரிலேயே போடுங்கள். கணவரின் பெயரிலோ மகனின் பெயரிலோ வேண்டாம். ஆசிரியரின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தால்தான், நாளைக்கு உங்கள் கதை போகும்போது "நம் சந்தாதாரர்" என்று அவருக்கு நினைவு வரும். வீடு மாறினால் முதல் வேலையாக விலாச மாற்றத்தை அறிவியுங்கள்.

ஒரு சந்தாவுக்கே கஷ்டமா? ஊரிலுள்ள மூன்று சகோதரிகள் சேருங்கள். ஆளுக்கொரு சஞ்சிகைக்குக் கட்டி, மாதக் கடைசியில் மாற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு சந்தாக் காசில் மூவருக்கும் மூன்று சஞ்சிகை! எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டவும் அது சாக்காகும். நெடுங்கேணியில் ஒரு தமிழ்ச் சகோதரியும், தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்த ஒரு முஸ்லிம் சகோதரியும் இப்படிச் சேர்ந்தால் அதைவிட நல்லது.

இதழ் வந்த பிறகு

தபாற்காரர் இதழைத் தந்துவிட்டுப் போனார். இனித்தான் உங்கள் வேலை தொடங்குகிறது. முதல் மாதம் முழுவதையும் வாசியுங்கள். உங்களுக்குப் பிடித்த கதையை இரண்டாம் முறை வாசித்து, எந்த வரியில் பிடித்துப் போனது என்று பென்சிலால் அடையாளமிடுங்கள். இரண்டாம் மாதம் ஒரு வாசகர் கடிதம் எழுதுங்கள். "இதழ் அருமை" என்று ஒரு வரி வேண்டாம். எந்தப் படைப்பு, ஏன் பிடித்தது அல்லது ஏன் பிடிக்கவில்லை என்று அரைப் பக்கம் எழுதுங்கள். மூன்றாம் மாதம் அலுமாரியைத் திறந்து, இந்த இதழுக்குப் பொருந்தும் ஒன்றை எடுத்துச் சுத்தமாகப் பிரதி பண்ணி அனுப்புங்கள். புனைபெயர் வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உண்மைப் பெயரையும் விலாசத்தையும் தனித்தாளில் ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூலப் பிரதியை ஒருபோதும் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். இரண்டு மூன்று முறை எல்லாவற்றையும் இழந்த மண்ணில் வாழ்கிறவர்களுக்கு இதன் அவசியத்தை நான் சொல்லத் தேவையில்லை.

திரும்பி வந்தால்? அல்லது பதிலே வராவிட்டால்? மூன்று மாதம் பொறுங்கள். பிறகு மரியாதையாக ஒரு நினைவூட்டல். அதன் பிறகு வேறோர் இதழுக்கு அனுப்பலாம். ஒரே படைப்பை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்புவது மட்டும் கூடாது. இரண்டிலும் வந்துவிட்டால் இரு ஆசிரியர்களின் மனமும் கோணும்.

வருட முடிவில் கணக்குப் பாருங்கள். எத்தனை இதழ் வந்தது, எத்தனையை முழுதாக வாசித்தீர்கள், எத்தனை கடிதம் எழுதினீர்கள், எத்தனை படைப்பு அனுப்பினீர்கள்? வாசிக்கவே மனம் வரவில்லை என்றால் சஞ்சிகையை மாற்றுங்கள். வாசித்தும் எதுவும் அனுப்பவில்லை என்றால் சஞ்சிகையைக் குறை சொல்லாதீர்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை

இதை வாசிக்கும் வாப்பாமாரும் கணவன்மாரும் மாமிமாரும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். "இந்தக் காசுக்குப் பிள்ளைக்கு ஏதாவது வாங்கலாமே" என்று சொல்வது எளிது. ஆனால் அம்மா வாசிக்கிற வீட்டில்தான் பிள்ளையும் வாசிக்கும். மாதம் ஒருமுறை அவள் பெயருக்கு ஒரு தபால் வருவது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கேட்டுப் பாருங்கள். பிறந்த நாளுக்கோ பெருநாளுக்கோ ஒரு சேலையோடு ஒரு வருடச் சந்தாவையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தச் சேலையும் அழகு பெறும்.

எழுதுகிற சகோதரிகளே! வடக்கிலிருந்து வெளியேறியவர்களின் கதையும், வன்னியில் ஓடித் திரிந்தவர்களின் கதையும், திரும்பி வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் கதையும் பெண்களின் கையால் இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை. அவற்றைக் கண்டவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது. உங்கள் அலுமாரியில் இருக்கும் கொப்பியில் அதில் ஒரு பக்கமாவது இருக்கலாம். எந்தச் சஞ்சிகை அதைக் கேட்கும் என்று இந்த மாதமே தேடத் தொடங்குங்கள்.